யார் பேருக்கு?

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

அக்கா தொண்டு நிறுவனங்களுக்கு ஆன்லைன் நன்கொடை ஃபார்ம் செய்து தருகிறாள். அதில் தமிழ் வரிகள் என் பொறுப்பு. பெங்களூரில் சந்தாபுரா பக்கம் மதியச் சாப்பாடு போடும் ஒரு டிரஸ்டுக்கு, 'கொடுப்பவர் பெயர்' என்று ஒழுங்காகக் கேட்காமல், அர்ச்சனைத் தட்டு வாங்கும் ஐயர் மாதிரி 'யார் பேருக்கு?' என்று கேட்டு வைத்தேன். பணம் கட்டியதும் அந்தப் பேரைப் போட்டு என் கவிதை மெசேஜாகப் போகும்: 'போட்டாய் சோறு, வாழ்வாய் நூறு.' அக்காவும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

இன்றைக்கு ஒரு அம்மா போன் செய்தார். இறந்துபோன மகள் பேருக்குக் கட்டியிருக்கிறார். 'ரம்யா, போட்டாய் சோறு, வாழ்வாய் நூறு' என்று வந்திருக்கிறது. அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னை முறைத்தாள்.

"ஸாரி ஆன்ட்டி, நான்தான் எழுதினேன்."

"திட்டறதுக்குக் கூப்பிடலப்பா. வீட்ல அவ பேரையே யாரும் எடுக்கறதில்ல. எடுத்தா அவங்கப்பா எழுந்து வெளிய போயிடுவார். இதைத் திரும்பத் திரும்பப் படிச்சிட்டிருக்கேன். மாசாமாசம் கட்டினா மாசாமாசம் வருமா?"

"வரும் ஆன்ட்டி."

போனை வைத்ததும் அக்கா சொன்னாள். "மாத்துடா குரங்கே. இன்னொரு அம்மா இதைப் படிச்சா தாங்க மாட்டாங்க."

அதுவும் நியாயம்தான். மாற்றிவிட்டேன். இனிமேல் கொடுப்பவர் பெயரைத்தான் கேட்கும், நன்றியும் அவருக்குத்தான் போகும். அடுத்த மாசம் அந்த அம்மா பணம் கட்டிவிட்டு ரம்யாவுக்காகக் காத்திருப்பார். வரும் என்று சொன்னது நான்.