கோவளத்துக் கொலை வழக்கு

செங்கல்பட்டு
வியாழக்கிழமை

அன்பு மகள் ஜெனிஃபருக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே சுகம், ஷில்லாங் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர பத்து நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்து கேட் வரை போய் வந்துவிட்டேன். ஞாயிறு தவறாமல் போன் செய்கிறவள் இந்த ஞாயிறு செய்யவில்லை, வேலை ஜாஸ்தி என்று அம்மாவுக்குச் செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறாய். நானே கூப்பிடலாம், ஆனால் உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக எழுதியே பழகிய கை, எழுதினால்தான் எனக்கு முழுதாகச் சொல்ல வரும்.

உன் தம்பி விஷாலுக்குக் கம்பெனியில் ஷிஃப்ட் மாறிவிட்டது, விடிகாலையில் ஓடுகிறான். படாளத்துப் பெரியப்பா ஏசுபாதத்துக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஒரு மாதம் குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு மாட்டை யார் பார்ப்பது என்று டாக்டரோடு சண்டை. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. நீ தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறாயா, காபி குடித்துவிட்டுப் போட்டால் பிரயோஜனமில்லையாம்.

கோதண்டராமன் சார் வீட்டு மாடியில் மர்ம நாவல் படிக்கிறவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா, ஆராதனை முடிந்து நேரே அங்கே போய்விடுவேன். போன தடவை எடுத்தது ‘கண்டக்டர் சொன்ன சாட்சி’. கோவளத்தில் கடலோரம் ஒரு கொலை, அதே ஊரில் ஓவியப் போட்டிக்கு வந்த மகளை மூன்று மணிக்குக் கூட்டிப்போக வேண்டிய போலீஸ்காரன் கொலைகாரன் பின்னால் ஓடுகிறான், அந்தப் பெண் பஸ் ஸ்டாப்பில் சாயந்தரம் வரை உட்கார்ந்திருக்கிறாள். ஆளுக்கொரு அபிப்பிராயம். கணக்கு வாத்தியாராக இருந்த கோதண்டராமன் சார், கொலைகாரன் முதல் ஐம்பது பக்கத்துக்குள் கண்ணில் பட்டிருக்க வேண்டும், இவன் நூற்றுப் பத்தாம் பக்கத்தில் வருகிறான், இது வாசகனை ஏமாற்றுகிற வேலை என்றார். சகுந்தலா அம்மாவுக்கோ வேறு குறை, “இன்னா சார் இது, கொல பண்ணவன் கைய கழுவினு பூட்டான், ஒரு சொட்டு ரத்தம் காணோம்” என்று அலுத்துக்கொண்டார். மின்சார ரயிலில் படித்துக்கொண்டே வேலைக்குப் போகிற நர்ஸ் பூங்கொடி மட்டும், “யாரு கொன்னா எனக்கின்னா, அந்தப் பொண்ணு ஒண்டியா குந்தினு கீதேன்னு நெனச்சினே தாம்பரத்துல எறங்காம மாம்பலம் பூட்டேன்” என்றது.

பிறகு நான் எழுந்தேன். எப்.ஐ.ஆர். போடாமல் பிணத்தை எடுக்கிறார்கள், சாட்சி கையெழுத்து இல்லை, நீல சைக்கிளை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தவன் யார் என்றே தெரியவில்லை என்று வரிசையாகக் குற்றம் பிடித்தேன். எந்தப் போலீஸ்காரனாவது பெற்ற பிள்ளையை அப்படி விடுவானா, ஒரு கான்ஸ்டபிளையாவது அனுப்பியிருக்க மாட்டானா என்று கேட்டேன். முன்னுரையில் உண்மை வழக்கு என்று வேறு போட்டிருக்கிறார்கள், அந்த வட்டாரத்துக் கேஸெல்லாம் எனக்குத் தெரியும், கோவளத்தில் இப்படி ஒரு கொலை நடக்கவே இல்லை, போலீஸ் வேலை தெரியாத யாரோ கட்டிவிட்ட கதை என்று முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். பூங்கொடி நான் பேசினதைப் போனில் வீடியோ எடுத்து ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியின் விமர்சனம் என்று இணையத்தில் போட்டுவிட்டது, அதிகாரியாம்.

வீட்டுக்கு வந்து, போலீஸ் வேலை தெரியாதவன் எழுதின புத்தகம் என்று பேசிக் கைதட்டு வாங்கினதைப் பெருமையாகச் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னாய்யா பேசிட்டு வந்துகீற, அது ஜெனி வேற பேர்ல எழுதின புக்கு. படிச்சிட்டு நீ நல்லா சொன்னா அப்பால நெசத்தச் சொல்லலாம்னு நான்தான் கோதண்டராமன் சார் கையில குடுத்தேன். அந்த போலீஸ்காரன் நீதான், ஸ்டாப்புல குந்தினு இருந்தது ஒம் பொண்ணு” என்று சொல்லி அழுதுவிட்டாள். பூங்கொடியிடம் கெஞ்சி மறுநாளே அந்த வீடியோவை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன், அதற்குள் அறுநூறு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் நீ ஒருத்தியா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை ஜெனி, பார்த்திருந்தால் உனக்கு எல்லாம் புரிந்திருக்கும், பார்க்கவில்லை என்றால் நான்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிறு மத்தியானமே புத்தகத்தை மறுபடி படித்தேன். நீல சைக்கிள், இரண்டு விரல் இல்லாத ஆள், பாதி எரிந்த தென்னை மட்டை, எல்லாம் என் வாயிலிருந்து வந்தவை, முதல் தடவை படித்தபோது ஒரு பொறிகூடத் தட்டவில்லை என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ ஐந்தாவது முடித்த மே மாதம், கோவளத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி கடைசி நாள், மூன்று மணிக்கு நான் வந்து உன்னைக் கூட்டிப்போக வேண்டும். மற்ற பிள்ளைகளெல்லாம் போனபிறகும் நீ உட்கார்ந்திருக்க, ஒரு மீன்காரம்மா திருப்போரூர் வழி பஸ்ஸில் ஏற்றி கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். நான் வீட்டுக்கு வந்தபோது நீ சாப்பிடாமல் இருந்தாய், ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ பார்த்த பார்வைக்குத்தான் கோவளத்தில் ஒரு கொலை, என்னையும் அங்கே டியூட்டியில் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். நான் இருந்த இடத்துக்குப் பக்கத்திலா அப்பா என்று கேட்டாய், ஆமாம் என்றேன். அப்புறம் ஒரு மாதம் தினமும் கிடைத்தானா, கிடைத்தானா என்று வாசலுக்கே வந்து கேட்டாய், நானும் தினமும் கொஞ்சம் கட்டிச் சொன்னேன். அந்த ஒரு மாதம் போல நீ என்னோடு அதற்கு முன்னும் பின்னும் பேசினதில்லை, அதனால் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

உன் புத்தகத்தைப் படித்தவர்கள் யாரும் அந்தப் போலீஸ்காரனைத் திட்டவில்லை, கொலைகாரனைப் பிடிக்கப் போனவன் என்று பூங்கொடிகூட மன்னித்துவிட்டது, நீயும் அப்படித்தான் மன்னித்து எழுதியிருக்கிறாய். அந்த மன்னிப்பு எனக்குச் சேராது. அன்று இன்ஸ்பெக்டர் லீவு, ஸ்டேஷனில் ஒரு வேலையும் இல்லை. பின்னால் ரூமில் நாலு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். மூன்று மணி ஆனதை நான் பார்க்கவே இல்லை, ஆட்டம் நன்றாக இருந்தது.

அடுத்த பதிப்பில் உண்மை வழக்கு என்கிற வரியை எடுப்பதும் வைப்பதும் உன் இஷ்டம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, மாத்திரையை மறக்காதே. கோபம் இருந்தால் திட்டுவதற்காகவாவது வருகிற ஞாயிறு போன் செய், நான் எடுப்பேன். கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் தம் கையில் வைத்துக் காப்பாராக. அம்மாவுக்கும் இத்தனை வருஷமாக அது கொலை வழக்குதான், அடுப்படியில் இருக்கிறாள், இதை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டப் போகிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
பூபாலன்