காதர் மாமாவின் குரலில் ஒரு குமாஸ்தா

எங்கே இருந்தாலும் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிற காதர் மாமாவுக்கு,

நம் படம் இன்னும் முடியவில்லை. நத்தம் ரோட்டில் புளிக் குடோனுக்குள் போட்ட அலுவலக செட்டை எப்போதோ பிரித்துவிட்டார்கள். நான் மட்டும் எடிட்டிங் அறையில் தினமும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அலுப்பாக இருக்கிறது மாமா, சொல்ல முடியாத அலுப்பு.

தோல் மண்டியில் சிவனே என்று இருந்த உங்களை நடிக்க இழுத்து வந்தவன் நான்தான். ஒரு பழைய வெளிநாட்டு நாவலை நம்மூருக்கு மாற்றிப் படம் எடுக்கப்போகிறேன் என்று கதை சொன்னேன். ஒருவன் தான் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போகிறான். அவன் ஏற ஏற மாடிகள் கூடிக்கொண்டே போகின்றன. எந்த மாடிக்குப் போனாலும் அதே குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறான். கேட்டுவிட்டு, "இதுல என்ன மாப்ள அதிசயம்? நான் லைசென்ஸுக்கு அலைஞ்ச கதை அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?" என்றீர்கள். அந்த நிமிடமே, குமாஸ்தா நீங்கள்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

நாவலில் அவன் நிமிர்ந்தே பார்க்கமாட்டான். "வெளியே நில்" என்பான், அவ்வளவுதான். நீங்கள் என்ன செய்தீர்கள்? டேக்குக்கு டேக், வந்தவனைப் பார்த்ததும், "உக்காருங்க. சாப்டீங்களா?" நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"மாமா, அவன் ஈவிரக்கம் இல்லாதவன்!"

"தெரியுது மாப்ள. வாயில தானா வந்துருதே. சாப்பாட்டு நேரத்துல வந்து நிக்கிறவன எப்பிடிப்பா கேக்காம இருக்குறது?"

படத்தில் வரிசையில் நிற்பதற்காக வேடசந்தூர் மில்லிலிருந்து வந்திருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். கடைசியில் அப்படியே எடுத்துத் தொலைத்தேன், டப்பிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்று. டப்பிங்குக்கு முன்னாலேயே உங்கள் மூச்சு நின்றுவிட்டது. செட்டில் பதிவான குரல் மட்டும்தான் மிச்சம்.

இப்போது தயாரிப்பாளர் விடமாட்டேன் என்கிறார். "குமாஸ்தா வில்லன் சார். வில்லன் சாப்டியான்னு கேப்பானா? ஆள்தான் இல்லையே, வேற வாய்ஸ் போட்டுருவோம்." ஒருவர் வந்து பேசியும் காட்டினார். நல்ல கனத்த குரல். திரையில் உங்கள் வாய் அன்பாக அசைகிறது, அதிலிருந்து "வெளியே நில்" என்று வருகிறது. சண்டை போடத் தெம்பில்லை மாமா. உங்கள் இறப்புச் சான்றிதழில் ஒரு நகல் மட்டும் போதும் என்றார் தயாரிப்பாளர். அது கையில் இருந்தால் குரலை மாற்றியதை நாளைக்கு யாரும் கேட்கமாட்டார்களாம்.

அந்தச் சான்றிதழ் உங்கள் வீட்டம்மா ஜீனத் அக்காவுக்கும் வேண்டும், மண்டியைத் தன் பெயருக்கு மாற்ற. அக்காவைக் கூட்டிக்கொண்டு நான்தான் அலைகிறேன். இந்த அறையில் கேட்டால் அந்த அறை. அந்த அறையில் கேட்டால் அதிகாரி முகாமுக்குப் போயிருக்கிறார். படத்தில் ஒருவன் இருப்பதை நிரூபிக்க அலைகிறான், நாங்கள் நீங்கள் இல்லாததை நிரூபிக்க அலைகிறோம்.

நேற்று மத்தியானம் ஒரு குமாஸ்தா எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. சாப்டீங்களா?" என்றார். டீ வரவழைத்தார். நடிப்பில்லை, நிஜமான அக்கறை. பிறகு மெதுவாக, "கையெழுத்துப் போடுறவரு இன்னைக்கும் வரல. நாளைக்கு ஒரு எட்டு வந்துருங்கம்மா" என்றார்.

அக்கா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அழுதார்.

"ஒங்க மாமா பேசுனது சரிதான் தம்பி. வெளிய நில்லுன்னு சொல்லியிருந்தா, நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டுட்டு வந்துருப்பேன். டீயக் குடுத்துட்டாகளே, இனி எப்பிடிக் கேக்குறது?"

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நம் படத்தில் இருக்க வேண்டிய பயம் இதுதான். தெரிந்துதான் அப்படிப் பேசினீர்களா மாமா, இல்லை வெறும் வாய்ப்பழக்கமா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

வெளியே வந்து தயாரிப்பாளரைக் கூப்பிட்டேன். "நகல் ரெடியா?" என்றார்.

"இல்ல சார். கவர்மெண்ட் கணக்குல எங்க மாமா இன்னும் உயிரோடதான் இருக்காரு. உயிரோட இருக்குற மனுஷன் குரல எப்பிடி சார் மாத்துவீங்க?"

ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. "சர்டிபிகேட் வரட்டும், பேசுவோம்" என்று வைத்துவிட்டார்.

வரட்டும். நானே போய் வாங்கி அக்கா கையில் கொடுப்பேன். தயாரிப்பாளருக்கு நகல் கிடையாது. வேண்டுமானால் படத்திலிருந்து என் பெயரை எடுத்துக்கொள்ளட்டும், உங்கள் குரலைத் தொட விடமாட்டேன். இது சத்தியம் மாமா.

என்றைக்காவது நம்மூர்த் தியேட்டரில் விளக்கு அணையும். நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்க. சாப்டீங்களா?" என்று கேட்பீர்கள். கடைசி வரிசையிலிருந்து நான் பதில் சொல்வேன்: "இன்னும் இல்ல மாமா."

உங்கள் மாப்ள,
செல்வம்
திண்டுக்கல்