பதினான்காம் எண்ணின் கை

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

அன்பு, நலம் என்றெல்லாம் தொடங்க மனம் வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம். எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் பேனா நிற்பதில்லை.

பதினோரு வருடம் மருந்துப் புட்டிகளுக்கு மூடி திருகிய கை அது. ஐந்து மாதமாக விரல்கள் மடங்க மறுக்கின்றன. கம்பெனி நம்பவில்லை. சோதனைக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணைப் பெட்டியோடு வரவழைத்தார்கள். சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு கருவிகளை என் முன்கையில் ஒட்டினாள். "தசை இறுகும்போது அதிரும், சத்தம் போடும். நம்ம காதுக்குக் கேக்காது, மெஷினுக்குக் கேக்கும்" என்றாள். என் பெயருக்குப் பதில் பதினான்கு என்று குறித்துக்கொண்டு, ரப்பர் பந்தைப் பிழியச் சொன்னாள். கண்ணில் நீர் முட்டப் பிழிந்தேன்.

நேற்று மேலாளர் கூப்பிட்டு ரிப்போர்ட்டைக் காட்டினார். "கையை மூடுற தசையும் திறக்குற தசையும் ஒண்ணா சத்தம் போட்டிருக்கு. பதினாலாம் நம்பர் வேணும்னே கையைப் பிடிச்சு வெச்சிருக்குன்னு எழுதியிருக்காங்க. நடிச்சது போதும்மா, கிளம்பு" என்றார். அடியில் வாலை நீட்டிப் போட்ட கையெழுத்து. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

நான் நடிக்கிறேனா அக்கா?

சின்னவள்

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

என் மேஜைக்குப் பெயர்கள் வருவதில்லை. எண்ணும் வரைபடமும்தான் வரும். அது நீ என்று சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரிந்திருந்தாலும் அதில் இருந்ததைத்தான் எழுதியிருப்பேன். இரண்டு கோடுகளும் ஒரே உயரத்துக்கு எழும்பியிருந்தன. தசை பொய் சொல்லாது. வலிக்குப் பயந்து, உன்னை அறியாமலேயே பிடித்து வைத்திருப்பாய்.

ஐந்து மாதம்! தசையின் சத்தத்தைக் கேட்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற அக்கா ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். கை மடங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாயா? பாய்வதற்கு மட்டும்தான் என் விலாசம் ஞாபகம் வருமா?

அக்கா

பிப்ரவரி 14

அக்காவுக்கு,

தசை பொய் சொல்லாது, தங்கை சொல்வாள். அப்படித்தானே?

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் அத்தான்தான் எடுத்தார். "அவ வேலையா இருக்கா, அப்புறம் கூப்பிடச் சொல்றேன்" என்றார். கேட்டுப் பார்.

என்னை அறியாமல் பிடித்தேன் என்றால் வேண்டுமென்றே என்று ஏன் எழுதினாய்? என் கையை நீ பார்த்து எவ்வளவு நாளாயிற்று? விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருக்கிறது. அந்தப் பெண்ணே "ஒட்ட இடமே இல்லியேக்கா" என்று சொல்லி, இரண்டு பொத்தானையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனாள். இதெல்லாம் உன் கோட்டில் தெரியாது.

சின்னவள்

பிப்ரவரி 24

அன்புள்ள சின்னவளுக்கு,

பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள் என்று நீ எழுதியதைப் படித்தேன். மறுநாள் இரண்டு விரல் இடைவெளியில் என் முன்கையிலேயே ஒட்டிக்கொண்டு பந்தைப் பிழிந்தேன். இரண்டு கோடுகளும் ஒன்றாக எழும்பின. ஒன்றை எடுத்துக் கையின் மறுபுறம் தள்ளி ஒட்டினேன். அது அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால் நம் சுவர் அதிருமே, அதுதான் நடந்திருக்கிறது. ஒரே தசையின் அதிர்வை இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு, இரண்டு தசை என்று எழுதிவிட்டேன்.

எங்கள் சோதனைக்கூடத் தலைவரிடம் சொன்னேன். "ஒண்ணைத் திருத்தினா எல்லாத்தையும் கேப்பாங்க. பேசாம விடுங்க" என்றார். விடவில்லை. ரிப்போர்ட் தவறு, தவறு என்னுடையது என்று உன் மேலாளருக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.

நீ போன் செய்ததை அத்தான் என்னிடம் சொல்லவே இல்லை. அவரோடு இரண்டு நாளாகப் பேச்சில்லை. என்றாலும் நேரில் வந்து கதவைத் தட்டாத உன் மேலும் கோபம்தான். ஞாயிற்றுக்கிழமை வா. கையைப் பார்க்க வேண்டும்.

அக்கா

மார்ச் 6

அக்காவுக்கு,

வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். இனி மூடி திருக வேண்டாம், லேபிள் சரிபார்க்கும் வேலை. டாக்டரிடமும் அனுப்பினார்கள்.

உன் வீட்டுக்கு வர மாட்டேன். பதினான்காம் எண் உன் தங்கை என்றதும் பந்தைப் பிழிந்து பார்த்தாய். தங்கை இல்லையென்றால் பார்த்திருப்பாயா? எனக்கு முன்னால் பதின்மூன்று பேர். ஒன்பதாம் எண் என் பக்கத்து ஸ்டூல்காரி. என்னை மாதிரியே துரத்தினார்கள். அவள் ரிப்போர்ட்டிலும் உன் கையெழுத்துதான். கடிதம் எழுதி உன்னைத் திட்ட அவளால் முடியாது.

அவர்களைப் பார்த்து முடித்துவிட்டு எழுது. இல்லையென்றால் எழுதவே வேண்டாம்.

சின்னவள்

மார்ச் 28

அன்புள்ள சின்னவளுக்கு,

பதின்மூன்றையும் பார்த்தேன். அந்தப் பெண்ணை உட்கார வைத்து, யார் கையில் எங்கே ஒட்டினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நான்கு தவறு, ஒன்பதாம் எண்ணும் அதில் ஒன்று. நான்குக்கும் திருத்தம் அனுப்பிவிட்டேன். தலைவர் என் அறைச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இப்போது மாடியில் பழைய கோப்புகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கம்பெனியில் விலாசம் கேட்டு ஒன்பதாம் எண் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் வழியாகவே பேசினாள். "நீங்க எழுதினதுல இருந்து என் வீட்டுக்காரரே என்னை நடிப்புக்காரின்னுதான் கூப்பிடறாரு. பாத்திரம் கை நழுவி விழுந்தாலும் சிரிக்கிறாரு. இப்ப வந்து என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். ஜன்னலைச் சாத்திவிட்டாள். படிக்கட்டோடு திரும்பி வந்துவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

என் கோபம் போகவில்லை, போகும்போது சொல்கிறேன்.

படிக்கட்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தால் ஆயிற்றா? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் தெருமுனைக்கு வந்துவிடு. அவள் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும் நேரம் அதுதான். "உங்க சம்சாரம் நடிக்கலை, நான்தான் தப்பா எழுதினேன்" என்று அவர் முகத்தைப் பார்த்து நீயே சொல்ல வேண்டும்.

கதவை நான் தட்டுகிறேன்.

சின்னவள்