அம்பாளின் பச்சைப் பட்டு

டொராண்டோ,
14-10-1974

அம்பாளை நேரில் கண்ட மகானுக்கு,

கடிதம் கிடைத்தது. கனடாவின் வடகோடிக்குப் போய் இரவு வானத்தில் நீங்கள் எடுத்துவந்த துருவ ஒளிப் படத்தை ஊரில் சட்டம் போட்டு மாட்டி, மாயவரமே கற்பூரம் காட்டுகிறதாமே! பச்சைப் பட்டும் அரக்குக் கரையுமாக வானத்தில் அம்பாள் தெரிகிறாளாம். படைத்தவள் தன் படைப்பிலேயே முகம் பார்க்கிறாள் என்று உங்கள் பிரசங்கம் வேறு. இனி இங்கே வேலைக்கே திரும்பப் போவதில்லையாம்.

சாமர்த்தியம்தான். புதுக் கேமராவைப் பழகுவதற்காக நம் வீட்டுப் பால்கனியைப் படம் எடுத்தீர்களே, அதே ஃபிலிம் சுருளைத்தான் மறந்துபோய் வடக்கேயும் போட்டிருக்கிறீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் படம் விழுந்துவிட்டது. ஒளி கடவுள் செய்ததாகவே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. அதில் தெரியும் பட்டு, பால்கனிக் கொடியில் நான் உலர்த்திய புடவை.

போன கல்யாண நாளன்று அதைக் கட்டிக்கொண்டு உங்கள் எதிரே வந்து நின்றேன். லென்ஸைத் துடைத்தபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நகரு, வெளிச்சத்தை மறைக்கறே" என்றீர்கள்.

இப்போது அதையே விழுந்து விழுந்து கும்பிடுகிறீர்கள். நன்றாகக் கும்பிடுங்கள்.

நான் நகர்ந்துவிட்டேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

அந்தப் புடவைக்குச் சொந்தக்காரி