எந்த நாடகம் என்று நான்தான் முடிவு செய்தேன்

ஜன. 18, ஞாயிறு

காலையில் பனி. எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் சேர்ந்துகொண்டது, எதிர் மாடியே தெரியவில்லை. துணி காயாது.

பெங்களூரிலிருந்து பிரியா போன். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகளின் பரிசு: புதுச்சேரியில் நாடக விழா, இரண்டு ராத்திரி அறை. அடுத்த சனி போய், குடியரசு தினத்தன்று திரும்பலாம். எந்தெந்த நாடகம் என்று மட்டும் நாங்கள் சொன்னால் போதும், அவளே பதிவு செய்வாள். நிகழ்ச்சி நிரல் வாட்ஸ்அப்பில் வந்தது.

ஒரே நேரத்தில் இரண்டு அரங்கு. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று போச்சு. எனக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. தண்டையார்பேட்டை எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் நான். நாள் பூராவும் சட்டையைத் தூக்கிப் பார்த்து, இது போகும், இது போகாது. குழம்பு கொதிப்பதற்குள் முடித்துவிட்டேன்.

சனி மாலை: அண்ணன் தம்பி வீடு பிரிக்கிற நாடகம். இரண்டே ஆள், முழுக்கப் பேச்சு. கட்டாயம். (ஞாயிறு மாலையும் உண்டு.)
அதே நேரம் மற்ற அரங்கில்: கோமாளிகள். ஒரு வார்த்தை பேச மாட்டார்களாம். பேசாமல் இருப்பதைப் பார்க்கவா புதுச்சேரி போவது? வேண்டாம்.
ஞாயிறு காலை: பொம்மலாட்டம். குழந்தைகளுக்கு. வேண்டாம்.
ஞாயிறு மாலை: சுங்கச்சாவடியில் வேலை பார்க்கும் பெண்ணின் கதை, ஒருத்தியே நடிக்கிறாள். சரி.

வீட்டுக்காரர் குமாரிடம் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் "நீ சொன்னா சரிதான்." என் தேர்வின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜன. 20, செவ்வாய்

வெயில். கம்பெனியில் ஒரு லாட் முழுக்கக் காலர் கோணல், திருப்பி அனுப்பினேன்.

மாலை குமாரும் நானும் எம்.கே.பி. நகர் போனோம். பசங்கள் தெருமுனையில் நாடகம் போட்டார்கள், குடிதண்ணீர்ப் பிரச்சினை. கல்யாணத்துக்கு முன்னால் அதே தெருவில் நானும் நடித்திருக்கிறேன். நாடகம் முடிந்ததும் வந்து, "கடசி வசனத்த முழுங்கிட்டியேமே" என்று முகத்துக்கு நேராகச் சொன்ன ஆள்தான் குமார். மற்ற எல்லோரும் கை தட்டிவிட்டுப் போனார்கள். இவர் வசனத்தைக் கேட்டிருந்தார்.

இன்று கூட்டம் சிரித்தது. குமார் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் சிரித்தார். அடுத்த சிரிப்புக்கும் அதே மாதிரி. அதற்கப்புறம் நான் நாடகத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன்.

டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது இடது பக்கம் வந்து மெதுவாகக் கேட்டேன், "ராத்திரிக்கு இன்னா வோணும்?" பதில் இல்லை. வலது பக்கம் மாறிக் கேட்டேன். "எதனா செய்மே" என்றார்.

அவர் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்தச் சத்தத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை. காது விஷயம் எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

ஜன. 21, புதன்

தூக்கம் சரியில்லை. டீ குடித்துக்கொண்டே முடிவெடுத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரியாவுக்குப் போன்: வீடு பிரிக்கிற நாடகம் வேண்டாம், கோமாளி போடு. சுங்கச்சாவடி வேண்டாம், பொம்மலாட்டம் போடு.

"அப்பாகிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னா ஒத்துக்கமாட்டாரு. நான் பாத்துக்கிறேன்."

அவருக்குப் புரிகிற நாடகம், அவருக்குச் சங்கடம் வராத நாடகம். சரியாகத்தான் செய்தேன்.

வாங்க: தைலம், அவருக்குப் பனியன் 2, பஸ்ஸுக்குப் புளிசாதம்.

ஜன. 24, சனி. புதுச்சேரி

அறை சுத்தம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். அத்துடன் நல்ல செய்தி முடிந்தது.

அரங்கில் விளக்கு அணைந்தது. கோமாளிகள் இரண்டு பேர் வந்து, விரலை நீட்டி நீட்டிச் சண்டை போட்டார்கள். வாய் மட்டும் அசைகிறது, சத்தமே கிடையாது. பாட்டு இல்லை, தாளம் இல்லை. கூட்டமும் மூச்சு விடாமல் பார்த்தது.

குமார் என் கையைப் பிடித்தார். நாடகம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பிடி இறுகிக்கொண்டே போனது. திரும்பினால், தலையை ஒரு பக்கம் சாய்த்து, இன்னொரு பக்கம் சாய்த்து, காதுக்குள் விரலை விட்டு ஆட்டுகிறார்.

"இன்னா பேசறாங்க?" என்றார். நாலு வரிசை திரும்பிப் பார்த்தது.

"பேசலய்யா. இதுல யாரும் பேசமாட்டாங்க."

அவர் அப்படி மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணன் தம்பி நாடகம்னுதானே சொன்ன?"

"மாத்திட்டேன். உனக்குக் காது சரியா கேக்கல. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா எங்கிட்ட சொல்லமாட்டியா? வாய் அசையுது, ஒரு சத்தமும் வர்ல. மொத்தமா பூட்ச்சுன்னு நெனச்சுக்கினேன் செல்வி. உள்ள உக்காந்துகினு செத்துட்டேன்."

கையைப் பிடிக்கப் போனேன், இழுத்துக்கொண்டார். எனக்கு இது வழக்கமில்லை.

"உனக்குக் காது இப்டின்னா, உங்கிட்ட சொல்லாம நான் மாத்துவனா?" என்றார்.

ஜன. 25, ஞாயிறு

மேகம். கடற்காற்று.

காலை இட்லியோடு பேச்சு: "சட்னி." "இந்தா." அவ்வளவுதான். பொம்மலாட்டத்துக்குப் போகலாமா என்றேன். "நீ போ." நானும் போகவில்லை. அவர் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனார். நான் அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு வந்தார். முகம் மழித்து, கல்யாண நாளுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"கெளம்பு. அண்ணன் தம்பி."

"டிக்கெட் தீந்துபோச்சுய்யா."

"வான்றேன்ல."

வாசலில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண், கல்லூரிப் பிள்ளை மாதிரி. எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் பேசுவது நான்தான். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"யாராவது வரலன்னா விடுவோம் அங்கிள். ஆனா கடைசி வரிசைதான் கிடைக்கும்."

"கடசி வரிச வோணாம் பாப்பா," என்றார் குமார். சத்தமாக, எல்லோர் முன்னாலும். "எனக்குக் காது கேக்காது. கொஞ்சம் கேக்கும். முன்னால உக்காந்தா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன்."

இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாததை, பேர் தெரியாத ஒரு பெண்ணிடம். கோபம் பாதி. மீதி என்னவென்று இப்போதும் எழுதத் தெரியவில்லை.

அந்தப் பெண் உள்ளே போய்த் திரும்பி வந்தாள். "மேடைக்குக் கீழ பாய் போட்டிருக்கோம். தரையில உக்கார முடியுமா?"

"படகுக்கு அடியில படுத்துகினு வேல பாக்கறவன் நான். தரை இன்னா பண்ணும்?"

நடிகர்களின் எச்சில் தெறிக்கிற தூரம். குமார் கண் சிமிட்டாமல் பார்த்தார். ஒரு இடத்தில்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் சிரிக்காத இடத்தில் ஒரு தடவை தனியாகச் சிரித்தார். எடுத்துச் சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. கடித்துக்கொண்டேன்.

நாடகம் முதல் தரம். அண்ணன் அபாரம். தம்பி கொஞ்சம் மிகை. போன ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் எடுத்தது தப்பான தேர்வு அல்ல.

வெளியே வந்து இரண்டு பேரும் சுண்டல் தின்றோம். பேசினோம். அவருக்கு வலது பக்கமாக நடந்தேன்.

ஜன. 26, திங்கள். பஸ்ஸில்

எழுத்து ஆடுகிறது. மரக்காணத்தில் ஆரம்பித்த சண்டை கோவளம் வந்தும் முடியவில்லை.

"கடசில அண்ணன் சாவியக் குடுத்துட்டுத்தான போனான்? இன்னா மனுசன்!"

"எங்க குடுத்தான்? சாவி தொலஞ்சுபோச்சுன்னு பொய் சொல்லிட்டுப் போனான்."

"அழுதுகினே போனான்மே. நான் பாத்தேன்."

"அழுதா பொய் சொல்லக்கூடாதா?"

"கைய நீட்னான்ல?"

"வெறுங்கைய்யா அது!"

முன் சீட்டுக்காரர் திரும்பி எந்தச் சொத்து என்று விசாரித்தார். குமார் அவருக்கு முழுக் கதையும் சொன்னார். பாதி அவர் சொந்தச் சரக்கு. அந்த மனிதர் கண் கலங்கிவிட்டார்.

"அடுத்த மாசம் இந்த நாடகக்காரங்க மெட்ராசுக்கு வர்றாங்களாம்," என்றார் அப்புறம். "அந்தப் பாப்பா சொல்லிச்சு. அதுக்குள்ள காது டாக்டராண்ட போய் எதுனா மெசின் வச்சுக்கினு வந்துடறேன். அப்ப தெரியும், யார் சொன்னது கரீட்டுன்னு."

எந்த டாக்டர் என்று முடிவு செய்ய என் மனசு அதற்குள் கிளம்பிவிட்டது. இழுத்துப் பிடித்து உட்கார வைத்தேன். "எந்த டாக்டர்?" என்று கேட்டேன். "விசாரிக்கிறேன்," என்றார். இப்போது தூங்குகிறார், வாய் லேசாகத் திறந்தபடி.

அண்ணன் சாவியைக் கொடுக்கவில்லை. நான் சொல்வதுதான் சரி.