கொக்கியில் தொங்கும் குடை

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடி, வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு ஒரு சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீயும் உடம்புக்கும் ஒன்றும் இல்லாமல் மனசுக்கும் ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அது போதும். என் கையெழுத்தில் கவரைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே, அவளுக்கு மூட்டு வலி ஒன்றுதான், வாய்க்கு எந்த வலியும் இல்லை. போன் இருக்கும்போது எதற்கு இந்த வேலை என்று நினைப்பாய். போனில் நாம் பேசுகிற லட்சணம்தான் தெரியுமே, சாப்டியாம்மா, சாப்டேன்பா, நீங்க, நானும் சாப்டேன், இரு அம்மாகிட்ட குடுக்கறேன், ஐந்து வருஷமாக இதைத் தாண்டி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வாய் வராதவன் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வீடு மாற்றுகிறோம், அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். தூரமெல்லாம் இல்லை, இதே தெருவில் நாலு வீடு தள்ளிக் கீழ்த்தளம், ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. இங்கே இருக்கிற சாமானில் பாதிகூட அங்கே நுழையாது, அதனால் ஒரு மாதமாக நம் வீடு சந்தைக்கடை மாதிரி இருக்கிறது. எதிர்வீட்டு நர்ஸ் பெண் போனில் படம் எடுத்து, பழைய சாமான் விற்கிற இடத்தில் போட்டுக் கொடுத்தாள். அரைமணியில் ஆரம்பித்தார்கள். வணக்கம் இல்லை, யார் எவர் இல்லை, எடுத்த எடுப்பில் லாஸ்ட் எவ்வளவு என்று கேட்கிறார்கள். முதல் விலையையே பேசாதவனிடம் கடைசி விலையை எப்படிச் சொல்வது? ஒருத்தர் நம் பீரோவுக்குப் பதிலாகத் தன் மிக்சியைத் தருகிறேன் என்றார், மிக்சி ஓடுமா என்று கேட்டால், உங்க பீரோ மட்டும் ஓடுமா சார் என்கிறார். உன் அம்மா வேறு, கட்டில் வாங்க வந்தவர்களிடம் அவர்கள் கேட்காமலேயே, இந்தக் கால் கொஞ்சம் ஆடும், இந்தப் பக்கம் புரண்டா கிறீச்சுன்னு சத்தம் வரும் என்று சொல்லி, நான் சொன்ன விலையில் பாதியை அவளே குறைத்துவிட்டாள். பஸ் டிப்போ ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் ஒரு நட்டைக்கூடச் சீட்டு இல்லாமல் வெளியே விடாதவன் நான், என் வீட்டுக் கட்டில் அடிமாட்டு விலைக்குப் போனது. கேட்டால், உள்ளதைச் சொல்றதுக்கு என்ன வெட்கம் என்கிறாள். இவளை வைத்துக்கொண்டு எதை விற்க?

உன் மேசையை மட்டும் கடைசி வரைக்கும் படம் எடுக்க விடவில்லை. அதையும் வித்துடுங்க, எனக்கு எதுக்கு என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். சுருக்கென்று இருந்தது, ஆனால் நீ சொன்னதும் சரிதான், மூன்று டிராயர் மேசையை அந்தப் பொந்தில் எங்கே போடுவது, கடைசியில் அதையும் படம் எடுத்துப் போடச் சொன்னேன். அதை வாங்கின கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பத்து வயசு, மாற்றலாகிப் போகிற பாங்க் குமாஸ்தா ஒருவர் வீட்டுக்குப் போனோம். நம் வீட்டு முறைப்படி நான் விலையைக் கேட்டு முகத்தைச் சுளிக்க வேண்டும், அம்மா டிராயரை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டும், நான் காதைச் சொறிந்ததும் நீ என் சட்டை வாலைப் பிடித்து இழுத்து, வாங்கப்பா போலாம், எனக்குப் பிடிக்கல என்று சொல்ல வேண்டும், மூன்று பேரும் விறுவிறுவென்று படியிறங்க வேண்டும். தெருமுனை தாண்டுவதற்குள் அவர்கள் கூப்பிட்டுவிட்டால் நாம் ஜெயித்தோம். கூப்பிடாவிட்டால், அதற்குத்தான் குடை. போகிற வீட்டிலெல்லாம் என் குடையைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு வந்துவிடுவேன், அடடா குடையை மறந்துட்டேனே என்று திரும்பிப் போனால் மானம் போகாமல் பேச்சை இன்னொரு தடவை ஆரம்பிக்கலாம். அன்றைக்கு நீ சட்டையை இழுத்தாய், வசனத்தையும் ஒழுங்காகச் சொன்னாய், ஆனால் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு முனை வரைக்கும் திரும்பித் திரும்பி அந்த வாசலையே பார்த்தாய். குமாஸ்தா கூப்பிடவில்லை. கால்மணி நேரம் காக்கவைத்துப் போவதுதான் என் வழக்கம், உன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த நிமிஷமே குடையை எடுக்கப் போய், அவர் கேட்ட விலைக்கே ஒத்துக்கொண்டு வந்தேன். அம்மா ஒரு வாரம் சொல்லிக்காட்டினாள், நீ ஒரு வாரம் மேசைக்கடியில்தான் தூங்கினாய்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மேசையைப் பார்க்க ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். வாசலை அடைக்கிற உடம்பு, முறுக்கின மீசை, சட்டைப் பையில் டெஸ்டர். ஆளைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது, வந்ததும் விலை கேட்கவில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்டார். டேப்பை இழுத்து நீளம் அகலம் அளந்தார். கீழ் டிராயரைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் வரும் என்பதை இரண்டாவது தடவையிலேயே கண்டுபிடித்தார். நீ காம்பஸால் குத்திக் குத்திப் போட்ட ஓட்டைகளைத் தடவிப் பார்த்து, பூச்சி அரிச்சிருக்கே சார் என்றார். அது பூச்சி இல்ல, கணக்குப் பரீட்சை என்றேன். மசிக் கறைக்கு ஐம்பது குறைத்தார், மெழுகுவத்தி சுட்ட இடத்துக்கு ஐம்பது குறைத்தார். ஒவ்வொரு குறையும் எந்த வருஷத்தில் வந்தது என்று எனக்குத் தெரியும், அவர் ஐம்பது இறக்கும்போதெல்லாம் எனக்கு நூறு ஏற்ற வேண்டும் போல இருந்தது. கடைசியில் அவர் ஆயிரத்து இருநூறில் நின்றார், நான் ஆயிரத்து நானூறில் நின்றேன், சரி சார், வேற இடம் பார்த்துக்கறேன் என்று கிளம்பிப் போய்விட்டார். போனால் போகட்டும் என்று திரும்பினால், மேசை மேல் அவருடைய டேப் கிடக்கிறது. எனக்கு ஒரே சிரிப்பு. எலக்ட்ரீஷியன் டேப்பை மறப்பானா? இவன் நம்ம கட்சி, தானா வருவான் பாரு என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தப் போனேன், கதவுக்குப் பின்னால் கொக்கியில் உன் குடை தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷமாக அங்கேதான் தொங்குகிறது, தினமும் கையில் படுகிறது, அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். நீ கிளம்புகிறதற்கு முந்தின நாள் நமக்குள் நடந்த பேச்சை நீயும் மறந்திருக்க மாட்டாய். அவ்வளவு தூரத்தில் வேலை கிடைத்திருக்கிறது போகிறேன் என்றாய், ரெண்டு வருஷத்துல வந்துடு என்றேன், நாலு வருஷமாவது ஆகும்பா என்றாய், ரெண்டரை என்றேன். நான் என்ன மேசையா நாற்காலியா, என்கிட்டயும் பேரம் பேசறீங்களே என்று கேட்டாய். அதற்கு நான், போறதுன்னா போ, திரும்பி வரணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன் வாலு, என் மனசில் அது வெறும் பேச்சு, வேற இடம் பார்த்துக்குங்க என்று சொல்லுவோமே அந்த மாதிரி, முனைக்குள் நீ இறங்கி வந்துவிடுவாய் என்று இருந்தேன். மறுநாள் தூறலில் நீ பெட்டியோடு படியிறங்கினாய். குடையை விட்டுட்டுப் போறா, ஓடிப்போய்க் குடுங்க என்று அம்மா சொன்னாள், மழை பெய்யுதுல்ல, அவளே வருவா என்று சொல்லிவிட்டு நான் பால்கனியில் நின்றேன். முனையில் மருந்துக்கடைக் கூரைக்கு அடியில் நீ நின்றாய், தூறல் விடட்டும் என்று நிற்கிறாய் என்று நினைத்தேன். கால்மணி நேரம் நின்றாய். தூறல் விடவில்லை, நீ நனைந்துகொண்டே போய்விட்டாய். மழை பெய்கிற நாளில் யாராவது குடையை மறப்பார்களா? யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் டேப்பை மறக்க மாட்டான் என்று ஒரு நொடியில் புரிந்துகொண்ட எனக்கு, நான் பெற்ற பெண்ணைப் புரிந்துகொள்ள ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.

எனக்கு என்ன ஆனதோ, பால்கனிக்கு ஓடினேன். அந்த மனிதர் அதே மருந்துக்கடை வாசலில் குனிந்து, அறுந்துபோகாத செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். சார் என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன், ஏ வாலு, போகாதடி, திரும்பி வா என்று வந்துவிட்டது. தெருவே அண்ணாந்து பார்த்தது. மீசைக்காரர் தன்னைச் சுற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து, என்னையா என்று கேட்டார். அம்மா சமையலறையிலிருந்து வந்தாள், சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். இதை அன்னிக்கே கத்தியிருக்கலாம்ல என்றாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழைக்காலம் வந்தால் நீ போனில், அந்தக் குடை இன்னும் அங்கேயேதான் தொங்குதாம்மா என்று கேட்பாய் என்றும் சொன்னாள். ஏன் என்கிட்ட சொல்லல என்று கோபப்பட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்குத் தரகு பண்ணணும், நீங்களா பார்ப்பீங்கன்னு அவ நினைச்சா, நானும் நினைச்சேன் என்றாள். எலக்ட்ரீஷியன் மேலே ஏறி வந்து, கூப்பிட்டுட்டீங்க இல்ல, இனிமே ஆயிரத்து நூறுதான் என்றார், தெருவில் வைத்து என்னை வாடி போடின்னதுக்கு ஒரு ஐம்பது குறைச்சுக்குங்க என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டுமே நியாயம் என்று கொடுத்துவிட்டேன். படியில் இறக்கும்போது நானும் ஒரு கை பிடித்தேன். ரிப்பேருக்கு வருகிற ஃபேன்களை அதன் மேல் வைத்து வேலை பார்க்கப் போகிறாராம், இனிமேல் உன் ஓட்டைகளுக்குத் துணைக்கு நிறைய ஓட்டை விழும். மேசை இருந்த இடத்தில் தரை மட்டும் புதுசு மாதிரி மின்னுகிறது, அந்தப் பக்கம் போனால் காலை எட்டி வைத்துத் தாண்டித்தான் நடக்கிறேன், அம்மா பைத்தியமா உங்களுக்கு என்கிறாள்.

அந்தப் பணத்தோடு மேலே கொஞ்சம் போட்டு ஒரு மடக்குக் கட்டில் வாங்கினேன், பின்தெருவில் இருக்கிற ரிட்டயரான டீச்சரம்மாவிடம். அவர் விலை சொன்னார், சரிங்க என்று பணத்தை எடுத்து நீட்டினேன். டீச்சரம்மா பணத்தை வாங்காமல் என்னையே பார்க்கிறார். என்ன சார், ஒண்ணுமே கேக்கல, நான் கம்மியா சொல்லிட்டேனோ என்றார். இல்லீங்க, கட்டில் நல்லா இருக்கு என்றேன். அதில் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடி, கட்டிலை விரித்து, மடக்கி, கவிழ்த்து, உள்ளே ஏதாவது பொன் பொருள் ஒளிந்திருக்கிறதா என்று தேடாத குறை. கூட வந்த உன் அம்மா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள். பேரம் பேச எனக்குத் தெம்பு இல்லாமல் இல்லை, அந்தக் கட்டில் யார் படுக்க வாங்கினேனோ அவள் விஷயத்தில் இனி ஒரு காசுகூடப் பேரம் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மற்ற சாமானுக்கு முன்னாலேயே அதைப் புது வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம், முன்னறைக் கதவுக்குப் பின்னால் மடங்கி நிற்கிறது. விரிக்க ஒரு நிமிஷம் போதும், சரியாக விரிகிறதா என்று அம்மா இதுவரை மூன்று தடவை விரித்துப் பார்த்துவிட்டாள்.

கூப்பிட்டவன்தான் இறங்க வேண்டும் என்பது நம் தொழில் முறை, இறங்குகிறேன். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை, அங்கேயே இருக்காதே என்றும் சொல்லவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன், போனில் சாப்டியா என்று கேட்டபோதெல்லாம் அதைத்தான் கேட்டேன். பத்து நாள் என்றால் பத்து நாள், நாலு நாள் என்றால் நாலு நாள். பதினைந்தாக்கிக்கொள்ளேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும், கடித்துக்கொள்வேன். அன்றைக்குச் சொன்ன சொல்லை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வது நம் வழக்கத்தில் இல்லை, இது ஒன்றுக்கு மட்டும் நீ சம்மதிக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு வாரிக்கொண்டு வெளியே போகாதே, சம்பளத்தில் எங்களுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு டிக்கெட்டுக்கு எடுத்து வை. நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மாவுக்கும் எனக்கும் மனசில் வேறு ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று மறக்காதே, வருகிற தேதியை அம்மாவிடம் சொல்லாதே, என்னிடம் சொல், இந்தத் தடவை போனை அவளிடம் கொடுக்க மாட்டேன். நாளை மறுநாள் வீடு மாறுகிறோம், புது வீட்டில் பால்கனி கிடையாது, எனக்கும் இனி அது வேண்டாம். உன் குடையில் வளைந்திருந்த கம்பியை நிமிர்த்திக் கட்டிவிட்டேன். கொக்கியிலிருந்து எடுத்தாகிவிட்டது, திரும்ப எங்கேயும் மாட்டப் போவதில்லை. நீ வருகிற அன்றைக்கு மழை பெய்தாலும் சரி, மண்டை பிளக்கிற வெயில் அடித்தாலும் சரி, மருந்துக்கடை வாசலில் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நீ சொல்கிற விலைக்கே சம்மதித்துவிட்ட
அப்பா