கொழும்பு வட்டி

வடசேரி, நாகர்கோவில்
8-7-1953

அன்புள்ள மகன் கிருஷ்ணமணிக்கு,

இவ்வளவு இரவான பிறகு எழுதுவதால் கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள், உன் தங்கை நாகம்மைக்குக் காய்ச்சல் இப்போதுதான் இறங்கித் தூங்குகிறாள், மற்றபடி நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று உன் கடிதத்தில் தேடினேன், வட்டி விகிதம்தான் இருந்தது. நாற்பத்தெட்டில் நகைக்கடனுக்குக் கொழும்பு வங்கியில் நூற்றுக்கு ஐந்து, நாகர்கோவிலில் ஏழரை. ஐம்பத்தொன்றில் அங்கே ஐந்தரை, இங்கே எட்டரை. இந்த வருஷம் அங்கே ஆறு, இங்கே ஒன்பது. சிவப்பு மையில் கோடு வேறு. அப்பா அந்த அட்டவணையை நம் கோட்டாற்றுக் கடைக்குக் கொண்டுபோய், பிள்ளைக்க மூளையப் பாத்தியா என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். உன்னை மடியில் போட்டுக்கொண்டு இன்டர்மீடியட்டுக்குக் கணக்குப் படித்தவள் நான், எனக்குச் சிவப்புக் கோடு போதாது. அந்த ஆறு யாருக்கு மக்கா? தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு. வருஷா வருஷம் தங்கும் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு கடையில் கணக்கு எழுதும் உனக்கு அந்த வங்கிக் காவல்காரன் கதவைத் திறப்பானா? இங்கே அடகு பிடிக்கிறவன் ஒன்பது என்றால் ஒன்பதுக்கு என்னை உட்காரவைத்துக் கொடுத்தான், ரசீதும் தந்தான்.

உன் பயணச் செலவுக்காக முந்நூறு ரூபாய்க்கு இங்கே அடகு வைத்த என் எட்டுப் பவுன் சங்கிலியைக் கடைப் பணத்தைப் போட்டு மீட்டு, லீவில் வந்திருக்கும் உன் கூட்டாளி ரசலையனிடம் கொடுத்தனுப்ப வேண்டுமாம், நீ அதை அங்கே ஆறுக்கு வைத்து எங்களுக்குப் பணம் அனுப்புவாயாம். மிச்சம் வருஷத்துக்கு ஒன்பது ரூபாய். ஒன்பது ரூபாய்க்காக எட்டுப் பவுன் தனுஷ்கோடிச் சுங்கத்தையும் கடலையும் தாண்டவேண்டும், பிடித்தால் ரசலையன் உள்ளே போகவேண்டும். அதற்கு உன் அட்டவணையில் கட்டம் எதுவும் காணோம்.

கணக்குத் தெரியாதவன் எழுதியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஒன்பது ரூபாய் மிச்சம் பிடிக்கிறவன், ஆடி பதினைந்துக்குள் சங்கிலி வரவேண்டும் என்று ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதமாட்டான். அதனால் ரசலையனை வீட்டுக்கு வரச்சொல்லி நேராகக் கேட்டேன். மணி நல்லாத்தான் இருக்கான் அக்கா, கையில வாச்சுதான் இல்ல, ராத்திரி சாப்பாட்டுக்கும் வாறதில்ல என்றான். நான் சொன்னேன்னு எழுதிராதீங்க என்றும் சொன்னான். எழுதிவிட்டேன். ஆறு வட்டிக்கு வாங்கினவன் வாச்சை விற்கமாட்டான், எந்தத் தெருவோரத்து வட்டிக்காரனிடம் போய் விழுந்தாய்? அப்பாவுக்கு இது தெரியாது, இன்றைக்கும் அட்டவணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனார்.

சங்கிலி வராது. அது இருக்கிற இடத்திலேயே அடகு பிடித்தவன் அதன்மேல் இன்னும் நூறு ரூபாய் தருவான், நீ கேலி செய்த அதே ஒன்பதுக்கு. வாங்கி அனுப்புகிறேன், ஆனால் விவரம் தெரியாமல் ஒரு ரூபாய்க்கும் கையெழுத்துப் போடமாட்டேன். நீயும் இனி எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே, ராத்திரி பட்டினி கிடக்காதே. பகவதி உன் பக்கத்தில் இருக்கட்டும். யாரிடம் வாங்கினாய், எவ்வளவு, என்ன வட்டி, மூன்றையும் மறைக்காமல் சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
தாணம்மாள்